ஃபியோர்டில் கயாக் ஓட்டப் போகும் முன்: குளிர்நீரில் முதல் ஒரு நிமிடம்

போன மாதம் என் கிளினிக்குக்கு ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரும் அவருடைய மனைவியும் வந்திருந்தார்கள். மகள் நோர்வேயில். பேரப்பிள்ளையோடு கோடைகாலம் முழுக்க இருந்துவிட்டு வரப் போகிறார்கள். "டொக்டர், மூன்று மாதத்துக்கும் சேர்த்து மருந்து எழுதித் தாங்கோ" என்றார். யாழ்ப்பாணத்தில் எந்த வைத்தியருக்கும் பழகிய கோரிக்கை இது. வைகாசி பிறந்தால் வாரத்துக்கு இரண்டு மூன்று பேராவது இப்படி வருவார்கள்.

நான் எழுதிக்கொண்டிருக்கும்போது ஆசிரியர் தன் போனை நீட்டினார். மகள் அனுப்பிய படம். இரண்டு பக்கமும் செங்குத்தாகக் கறுத்த மலை, நடுவிலே ஆடாத தண்ணீர், அதில் ஒடுங்கிய சிவப்பு வள்ளம் ஒன்று. "கயாக்காம் டொக்டர். எங்கடை பேரையும் பதிந்துவிட்டாள். வழிகாட்டியோடை ஒரு நாள் முழுக்கப் போறதாம். நாங்கள் போகலாமோ?"

நீந்தத் தெரியுமா என்று கேட்டேன். அவர் வாய் திறக்கும் முன் மனைவி சொன்னார்: "அவர் நல்லா நீந்துவார். சின்ன வயதிலேயே கீரிமலைக் கேணியிலே பழகினவர்."

அந்தப் பதில்தான் என்னை இதை எழுத வைக்கிறது. (அவர்களிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். யாரென்று தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) நீந்தத் தெரிந்தால் தண்ணீர் ஒன்றும் செய்யாது என்ற நம்பிக்கை எங்கள் ஊரில் ஆழமாக ஊறிப்போனது. வெதுவெதுப்பான கடலில் வளர்ந்தவர்களுக்கு அது இயல்பு. ஆனால் பத்துப் பாகைத் தண்ணீர் வேறொரு பொருள். அதில் விழுந்தவரிடம் நீச்சல் தெரியுமா என்று கேட்பதற்கு முன்னரே அது தன் வேலையைத் தொடங்கிவிடும்.

படத்தில் இருந்த அந்தத் தண்ணீரை நான் கையால் தொட்டிருக்கிறேன். இரண்டு வருடத்துக்கு முன், ஜூன் மாதம், அக்கா வீட்டுக்கு ஒஸ்லோ போயிருந்தேன். பெறாமகன் வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம். எங்கள் எல்லோருக்குமாகச் சேர்த்து நேரோய் ஃபியோர்டில் ஒரு நாள் கயாக் பயணம் ஒழுங்கு செய்திருந்தான். ஒஸ்லோவில் இருந்து பேர்கன் போகும் ரயிலில் ஏறி மிர்டாலில் இறங்கினோம். அங்கிருந்து ஃப்லோம் வரைக்கும் இன்னொரு ரயில். 20 கிலோமீற்றர்தான், ஆனால் அந்தத் தூரத்துக்குள் 866 மீற்றர் உயரத்தில் இருந்து கடல்மட்டத்துக்கே இறக்கிவிடுகிறது. வழி நெடுகப் பனி உருகி அருவிகளாகக் கொட்டிக்கொண்டிருந்தது. அழகு என்று பார்த்துக்கொண்டு போனேன். அந்தத் தண்ணீர் எல்லாம் எங்கே போய்ச் சேருகிறது என்று அப்போது யோசிக்கவில்லை.

ஃபியோர்ட் என்பது பனியாறு மலையைச் செதுக்கிப் போன பள்ளத்தாக்குக்குள் கடல் ஏறி நிற்பது. சோக்னே ஃபியோர்ட் 200 கிலோமீற்றருக்கு மேல் உள்நாட்டுக்குள் நீளுகிறது. ஆழமான இடத்தில் 1,300 மீற்றரைத் தாண்டும். அதன் ஒரு கிளைதான் நேரோய் ஃபியோர்ட். ஒடுங்கிய இடத்தில் அகலம் 250 மீற்றர்தான். இரு கரையிலும் பாறைச்சுவர் ஆயிரம் மீற்றருக்கு மேல் எழும்பி நிற்கிறது. 2005இல் யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்த இடம். உப்புத் தண்ணீரைவிட நன்னீர் இலேசானது என்பதால், உருகிவரும் பனித்தண்ணீர் கடல்நீருக்கு மேலே தனிப் படையாகக் கிடக்கும். ஆகவே கோடை தொடங்கும் காலத்தில், வெயில் சுள்ளென்று அடித்தாலும், கயாக்குக்கு அடியில் இருப்பது நேற்று வரை பனியாக இருந்த தண்ணீர். அன்று 11 பாகை என்று வழிகாட்டி சொன்னாள்.

வழிகாட்டி இருபத்தைந்து வயதுக்குள் இருக்கும் பெண்பிள்ளை. கரையில் எங்களை ஒரு மணி நேரத்துக்கு மேல் நிறுத்தி வைத்தாள். ஒரு மணி நேரம் வீணாகிறதே என்று எங்கள் கூட்டத்தில் சிலர் முகம் சுளித்தார்கள். எனக்கோ ஒரு வைத்தியராக அந்த ஒரு மணி நேரம்தான் அன்றைய பயணத்தில் மிகப் பெறுமதியானதாகப் பட்டது.

முதலில் உடுப்பு. அக்கா ஜீன்ஸும் பருத்திச் சட்டையும் போட்டு வந்திருந்தா. கழற்றச் சொல்லிவிட்டாள். பருத்தி நனைந்தால் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொண்டு உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். உள்ளே கம்பளி, அதற்கு மேல் நியோப்ரீன் உடை, அதற்கு மேல் காற்றுப் புகாத மேற்சட்டை. காற்று 19 பாகை, வெயில் வேறு, எல்லோருக்கும் வியர்த்தது. "வெயிலுக்கு உடுத்தக்கூடாது, தண்ணீருக்கு உடுத்தவேண்டும்" என்றாள். எவ்வளவு சரியான பேச்சு.

பிறகு லைஃப் ஜக்கெற். அத்தான் வல்வெட்டித்துறைக்காரர். ஊரில் கட்டின அன்னபூரணி என்ற பாய்க்கப்பல் 1938இல் அமெரிக்கக் கரை வரை போய்ச் சேர்ந்த கதையைச் சின்ன வயதில் இருந்து கேட்டு வளர்ந்தவர். பாக்குநீரிணையில் நீந்திப் பழகின உடம்பு. அவர் ஜக்கெற்றை மாட்டிக்கொண்டார், ஆனால் சிப்பைப் பாதிவரைதான் இழுத்திருந்தார், இடுப்புப் பெல்ற்றைத் தொங்கவிட்டிருந்தார். அந்தப் பிள்ளை ஒவ்வொருவரிடமும் வந்து, தோள்பட்டையில் இரண்டு கையையும் கொடுத்து ஜக்கெற்றை மேலே தூக்கிப் பார்த்தாள். அத்தானுடையது காது வரைக்கும் எழும்பிவிட்டது. "தண்ணீருக்குள் இப்படித்தான் வரும். நீங்கள் கீழே போவீர்கள், இது மேலே வரும்" என்று சொல்லிச் சிப்பைக் கழுத்துவரை ஏற்றி, பெல்ற்றை இறுக்கினாள். மறுபடியும் தூக்கிப் பார்த்தாள். இப்போது ஜக்கெற்றோடு சேர்ந்து அத்தானும் எழும்பினார். அப்போதுதான் அடுத்தவரிடம் போனாள். நோர்வேயில் 8 மீற்றருக்குக் குறைந்த படகு ஓடிக்கொண்டிருக்கும்போது எல்லோரும் அணிந்தே இருக்கவேண்டும் என்று 2015 மே மாதத்தில் இருந்து சட்டமே இருக்கிறது. ஆனால் இறுக்கமாக இருக்கிறதா என்று தூக்கிப் பார்க்கும் கைதான் உயிரைக் காக்கிறது.

அதற்குப் பிறகு அவள் செய்ததை நான் மறக்கமாட்டேன். கயாக்கில் இருக்கும்போது இடுப்பைச் சுற்றி றப்பர் துணி ஒன்றைப் பாவாடைபோல மாட்டி, அதன் விளிம்பை இருக்கை வாயைச் சுற்றிக் கொளுவிவிடுவார்கள், தண்ணீர் உள்ளே வராமல் இருக்க. கவிழ்ந்தால் அதன் முன்பக்கத்தில் உள்ள வளையத்தை இழுத்துக் கழற்றிக்கொண்டு வெளியே வரவேண்டும். அதை எல்லோரும் கரையில் சுலபமாகச் செய்தோம். சரி, இப்போது முழங்கை வரை இரண்டு கையையும் தண்ணீரில் வையுங்கள் என்றாள். இரண்டு நிமிடம். முதல் அரை நிமிடம் குத்தியது, பிறகு எலும்புக்குள் வலித்தது, பிறகு விரல்நுனி என்னுடையது இல்லை என்பதுபோல ஆகிவிட்டது. இப்போது வளையத்தை இழுங்கள் என்றாள். வளையத்தைப் பிடித்தேன், ஆனால் பிடித்திருக்கிறேன் என்பது கண்ணால் பார்த்துத்தான் தெரிந்தது. வெறும் இரண்டு நிமிடம்.

இனி நடந்ததைச் சொல்கிறேன். நாங்கள் குட்வாங்கனில் இருந்து புறப்பட்டு, பாக்கா என்ற சின்னக் கிராமத்தின் வெள்ளைத் தேவாலயத்தைக் கடந்து போனோம். பாறையை ஒட்டிப் போகவேண்டாம் என்றாள். மேலே இருந்து கல் விழும், கப்பல் அலை சுவரில் அடித்துத் திரும்பி வந்து குழப்பும். எனக்கு வேறொன்று உறைத்தது. கரை என் துடுப்பு எட்டும் தூரத்தில் இருந்தது, ஆனால் ஏற இடம் இல்லை. செங்குத்தாக வழுக்குப் பாறை. எங்கள் பரவைக்கடலில் வள்ளம் கவிழ்ந்தால் பெரும்பாலான இடத்தில் எழும்பி நின்றுவிடலாம், இடுப்பளவுதான். இங்கே பக்கத்தில் இருப்பது கரை இல்லை, சுவர். கரை கண்ணுக்குத் தெரிகிறது என்று நீந்தத் தொடங்கினால் அடுத்த திட்டு எத்தனை நூறு மீற்றரில் இருக்கிறதோ.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு உள்நாட்டுப் பக்கம் பார்த்துக் காற்று எழும்பியது. வெயில் நாட்களில் அங்கே அப்படித்தானாம். எங்கள் கூட்டத்தில் தனிக் கயாக்கில் வந்த வேறு நாட்டுப் பயணி ஒருவர், ஐம்பது வயதிருக்கும், நல்ல கட்டுமஸ்தான உடம்பு. உல்லாசப் படகு ஒன்று எழுப்பிய அலை பக்கவாட்டில் வந்த நேரம், அவர் திரும்பிப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். கயாக் ஒரு பக்கம் சாய்ந்தது. அவ்வளவுதான். சத்தமே இல்லை.

மூன்று நான்கு செக்கனில் வெளியே வந்துவிட்டார். தலை தண்ணீருக்கு மேலே, ஜக்கெற் தாங்கிக்கொண்டிருந்தது. ஆனால் வாய் அகலத் திறந்து, தோள்கள் மேலும் கீழும் ஏறி இறங்க, செக்கனுக்கு ஒரு மூச்சு என்று இழுத்துக்கொண்டிருந்தார். கண் எங்களைத்தான் பார்த்தது. "ஓகேயா?" என்று யாரோ கேட்டார்கள். ஒரு சொல் வரவில்லை. வழிகாட்டி அவரிடம் போய்ச் சேர்ந்தாள், ஆனால் உடனே இழுத்து ஏற்றவில்லை. "கயாக்கைப் பிடியுங்கள். என்னைப் பாருங்கள். மூச்சை ஊதி வெளியே விடுங்கள். இது ஒரு நிமிடத்தில் நின்றுவிடும்" என்று அதையே திரும்பத் திரும்ப, குரலை உயர்த்தாமல் சொன்னாள். நின்றது. அதற்குப் பிறகுதான் கவிழ்ந்த கயாக்கின் மூக்கைத் தன் கயாக்குக்குக் குறுக்கே இழுத்துத் தண்ணீரைக் கவிழ்த்து ஊற்றி, நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு, அவரை வயிறு படப் பின்பக்கத்தில் ஏறச் சொன்னாள். அவரால் பிடித்து ஏற முடியவில்லை. ஜக்கெற்றின் தோள்பட்டியைப் பிடித்துத்தான் இழுத்து ஏற்றினாள். எல்லாம் சேர்த்து ஐந்து நிமிடம்கூட இல்லை.

கரை சேர்ந்ததும் நான் வைத்தியர் என்று சொல்லிக்கொண்டு பக்கத்தில் போனேன். நல்ல நினைவோடு இருந்தார், நடுங்கிக்கொண்டிருந்தார், நடுக்கம் நல்ல அறிகுறி. ஈர மேற்சட்டையைக் கழற்றுங்கள் என்றேன். சிப்பின் நுனியை இரண்டு விரலால் பிடிக்கப் பார்த்தார். விரல்கள் மடங்கவில்லை. நான்கு தரம் முயன்றார். பெருவிரலும் சுட்டுவிரலும் நெருங்கி வந்து, சிப்பைத் தொட்டு, அப்படியே வழுக்கிப் போயின. ஐம்பது வயது மனிதன் குழந்தையைப்போல என் முகத்தைப் பார்த்தார். நான்தான் கழற்றிவிட்டேன்.

அந்தச் சிப்தான் நான் சொல்ல வந்த விஷயம். கரையில் ஜக்கெற்றைப் பூட்டாமல், "தேவை வந்தால் பூட்டிக்கொள்ளலாம்" என்று அவர் நினைத்திருந்தால், தேவை வந்த அந்த நேரத்தில் பூட்டுவதற்கு அவருக்குக் கை இருந்திராது.

இதை மருத்துவ மொழியில் கொஞ்சம் விளக்கவேண்டும். குளிர்நீரில் விழுந்தால் விறைத்துத்தான் சாவோம் என்று எல்லோரும் நினைக்கிறோம். கனடாவின் மனிட்டோபா பல்கலைக்கழகப் பேராசிரியர் கோர்டன் கீஸ்பிரெக்ற் இதற்கு எளிமையான கணக்கு ஒன்று சொல்லிக்கொடுக்கிறார்: ஒன்று, பத்து, ஒன்று. முதல் ஒரு நிமிடம் மூச்சு. அடுத்த பத்து நிமிடம் கைகால். அதற்குப் பிறகு ஒரு மணி நேரம் நினைவு.

முதல் நிமிடத்தில் நடப்பது இதுதான். தோல் திடீரெனக் குளிரும்போது, நாங்கள் கேட்காமலே நெஞ்சு ஒரு பெரிய மூச்சை இழுக்கிறது. அந்த நேரம் முகம் தண்ணீருக்குள் இருந்தால் இழுப்பது காற்றை இல்லை, தண்ணீரை. பிறகு கட்டுப்பாடில்லாத வேக மூச்சு. கரையில் ஒரு நிமிடம் மூச்சடக்குபவரால் அங்கே பத்துச் செக்கன்கூட முடியாமல் போகலாம். இதயத் துடிப்பும் இரத்த அழுத்தமும் ஒரேயடியாக ஏறும். 15 பாகைக்குக் கீழே இது கடுமையாக இருக்கும். இந்த நேரத்தில் நீந்தக்கூடாது. ஜக்கெற் தாங்கட்டும், தலையைப் பின்னால் சாய்த்து, முகத்தை மேலே வைத்து, ஊதி மூச்சு விட்டபடி கிடக்கவேண்டும். ஒன்றிலிருந்து மூன்று நிமிடத்துக்குள் மூச்சு தானாக அடங்கிவிடும். எவ்வளவு நல்ல நீச்சல்காரனுக்கும் இது வரும். கீரிமலையில் பழகினாலும் வரும், வல்வெட்டித்துறையில் பழகினாலும் வரும்.

அடுத்த பத்து நிமிடத்தில் கைகால் தசைகளும் நரம்புகளும் குளிர்ந்து சொல்கேளாமல் போகின்றன. நீந்த வேண்டும் என்று மனம் சொல்லும், கை வராது. ஜக்கெற் இல்லாதவர் தாழ்வது இந்தக் கட்டத்தில், உடம்பின் உட்சூடு இன்னும் இறங்காமல் இருக்கும்போதே. ஆகவே மூச்சு அடங்கியவுடன், கை இருக்கும்போதே, கயாக்கைப் பிடித்து ஏறவேண்டும், அல்லது அதோடு ஒட்டிக் கிடக்கவேண்டும். கயாக்கை விட்டுவிட்டுக் கரைக்கு நீந்தக்கூடாது.

உட்சூடு 35 பாகைக்குக் கீழே இறங்குவதற்கு, பனித்தண்ணீரில்கூட, வளர்ந்தவருக்குக் குறைந்தது அரை மணி நேரம் எடுக்கும். அந்த நிலைக்கு வந்தவரைத் தூக்கியபின் பிழையான கவனிப்பால் இழப்பதும் உண்டு. படுத்தபடி மெதுவாகத் தூக்கவேண்டும். நிற்கவைத்து நடத்தக்கூடாது. கைகாலைத் தேய்த்துச் சூடேற்றக்கூடாது, கொதிக்கும் வெந்நீரில் இறக்கக்கூடாது. ஈரத்தைக் கழற்றி, தலை உட்படப் போர்த்தி, நினைவு தெளிவாக இருந்தால் மட்டும் இனிப்பான சூடான பானம் கொடுக்கவேண்டும். குளிருக்கு ஒரு மிடறு விஸ்கி நல்லது என்ற நம்பிக்கை எங்கள் ஆட்களிடம் மிகப் பலமாக இருக்கிறது. மதுபானம் தோல் இரத்தக்குழாய்களை விரித்து உள்ளே மிச்சம் இருக்கும் சூட்டையும் வெளியே விட்டுவிடும். சூடாகத் தெரிவதே அதனால்தான். ஏறும் முன்னும் கூடாது, ஏற்றிய பின்னும் கூடாது.

நோர்வே என்றதும் வைத்திய மாணவர்களுக்கு நான் சொல்லிக்கொடுக்கும் ஒரு சம்பவம் நினைவுக்கு வரும். 1999 மே மாதம், நார்விக் நகரத்துக்கு அருகே பனிச்சறுக்கப் போன ஆனா போகன்ஹோல்ம் என்ற சுவீடன் நாட்டு இளம் வைத்தியர் உறைந்த ஓடை ஒன்றில் தலைகுப்புற விழுந்து பனிப்பாளத்துக்கு அடியில் சிக்கிக்கொண்டார். 80 நிமிடம். ஏறத்தாழப் பாதி நேரம் பனிக்கு அடியில் காற்றுத் தேங்கி நின்ற இடைவெளி ஒன்றில் மூச்சு விட்டார், பிறகு இதயம் நின்றுவிட்டது. ட்ரொம்சோ பல்கலைக்கழக வைத்தியசாலைக்குக் கொண்டுவந்தபோது உட்சூடு 13.7 பாகை. கைவிடாமல் இரத்தத்தை வெளியே எடுத்துச் சூடேற்றி உள்ளே விட்டார்கள். பிழைத்தார், திரும்பவும் வைத்தியராக வேலை செய்தார். மூச்சு நிற்கும் முன்னரே மூளை ஆழமாகக் குளிர்ந்துவிட்டால் அதற்கு ஒக்சிசன் தேவை மிகக் குறைந்துவிடும் என்பதால் இது நடந்தது.

இந்தச் சம்பவத்தை நான் சொல்லும்போது மாணவர்கள் வியந்து கேட்பார்கள். அடுத்து நான் சொல்வது எங்கள் ஊர்க் கதை. எங்கள் தண்ணீர் 28, 29 பாகை. முதல் நிமிடத்து அதிர்ச்சி இங்கே இல்லை, உண்மைதான். ஆனால் மூளையைக் காக்கும் குளிரும் இல்லை. மூச்சு நின்றால் சில நிமிடம், அவ்வளவுதான் எங்களுக்குக் கிடைப்பது.

சில வருடங்களுக்கு முன் ஒரு ஞாயிறு பின்னேரம். நான் அவசர சிகிச்சைப் பிரிவில் கடமையில் இருந்தேன். ஓட்டோ ஒன்றில் பெடியன் ஒருவனைக் கொண்டுவந்தார்கள். இருபது வயது வராது. உடம்பெல்லாம் சேறு. நண்பர்களாகக் கடல்நீரேரிக்கு வள்ளம் எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள். இடுப்பளவுத் தண்ணீர்தானே என்று இறங்கி வள்ளத்தைத் தள்ளிக்கொண்டு நடந்திருக்கிறார்கள். அடியில் பழைய கிடங்கு, ஆழமான குழி. அதற்குள் போனவன் கத்தவில்லை, கையை ஆட்டவில்லை. விளையாடுகிறான் என்று நினைத்தார்களாம். தாழ்பவர் கத்துவார் என்று எல்லோரும் எதிர்பார்க்கிறோம். மூச்சுக்கே வாய் போதாமல் இருக்கும்போது கத்துவதற்கு எங்கே காற்று? கைகள் பக்கவாட்டில் தண்ணீரை அமுக்கும், கண் வெறிக்கும், ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். கரைக்குக் கொண்டுவந்து வயிற்றை அமுக்கியிருக்கிறார்கள், காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கியிருக்கிறார்கள். பத்து நிமிடம். வாயோடு வாய் வைத்து ஒரு மூச்சுக்கூட யாரும் கொடுக்கவில்லை, யாருக்கும் சொல்லிக்கொடுக்கப்படவும் இல்லை. நாங்கள் முக்கால் மணி நேரம் முயன்றோம். முடியவில்லை.

கூட வந்த பெடியன் ஒருவன் சுவரோடு ஒட்டி நின்று என்னிடம் சொன்னான்: "வள்ளத்திலே நாலு லைஃப் ஜக்கெற் கிடந்தது, டொக்டர். இருக்கப் பலகை சுடுது என்று அதைப் போட்டு இருந்தனாங்கள்."

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் 2021இல் மட்டும் ஏறத்தாழ 3 இலட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்திருக்கிறார்கள். அந்த வருடத்தில் இருந்துதான் ஜூலை 25ஐ நீரில் மூழ்குவதைத் தடுக்கும் உலக நாளாக ஐக்கிய நாடுகள் சபை அறிவித்திருக்கிறது. எனக்கு அந்த எண்ணைவிட, சுவரோடு நின்ற அந்தப் பெடியனின் முகம்தான் நினைவில் நிற்கிறது.

ஆகவே தயவுசெய்து இதை வாசிக்கும் ஒவ்வொருவரும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீரில் இருந்து எடுத்தவருக்கு மூச்சு இல்லையென்றால் வயிற்றை அமுக்காதீர்கள், தலைகீழாகத் தூக்காதீர்கள், சுழற்றாதீர்கள். வயிற்றில் இருந்து வரும் தண்ணீரும் சாப்பாடும் நுரையீரலுக்குள்தான் போகும். மல்லாக்கப் படுக்கவைத்து, நாடியை (முகவாயை) உயர்த்தி, மூக்கைப் பொத்தி, வாயோடு வாய் வைத்து ஐந்து மூச்சுக் கொடுங்கள். அதற்குப் பிறகும் அசைவில்லையென்றால் நெஞ்சின் நடுவில் 30 தரம் அழுத்தி, இரண்டு மூச்சு, திரும்ப 30. உதவி வரும்வரை நிறுத்தவேண்டாம். ஒருவர் இதைச் செய்யும்போது இன்னொருவர், இலங்கையில் என்றால், 1990க்கு அழையுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் வரும். மூச்சு வந்துவிட்டது, எழும்பி இருந்து கதைக்கிறார் என்றாலும் வைத்தியசாலைக்குக் கொண்டுவரத்தான் வேண்டும். நுரையீரலுக்குள் போன தண்ணீர் சில மணி நேரம் கழித்தும் தொல்லை கொடுக்கும்.

எங்கள் கடல்நீரேரியிலும் இப்போது கயாக் ஓடத் தொடங்கிவிட்டது. எனக்கு அது சந்தோஷம். மண்டைதீவுப் பக்கம் விடியற்காலையில் நாரைகளுக்கு நடுவே துடுப்புப் போடுவதுபோல ஒரு சுகம் வேறு எங்கே கிடைக்கும். ஆனால் சோளகக் காலத்தில் பின்னேரக் காற்று பலமாக அடிக்கும், திரும்பி வரும்போது எதிர்க்காற்றாகிவிடும். சிறகுவலைத் தடிகள் நிற்கும். வெயிலில் தண்ணீர் குடிக்காமல் ஓட்டித் தலைசுற்றி விழுபவர்களும் உண்டு. ஜக்கெற்றைத் தூக்கிப் பார்க்கும் ஒரு கை இங்கேயும் வேண்டும். வாடகைக்குக் கொடுப்பவர் அதைச் செய்யவில்லையென்றால் உங்கள் பிள்ளைக்கு நீங்கள் செய்யுங்கள்.

சரி, ஆசிரியரிடம் வருகிறேன். அவருக்குச் சர்க்கரை வியாதி, கிளிக்லசைட் எடுக்கிறார். மனைவிக்கு இரண்டு வருடத்துக்கு முன் மாரடைப்பு வந்து ஸ்டென்ற் வைத்தது. மனைவியைப் போகவேண்டாம் என்று சொன்னேன். கயாக் கவிழாமல் இருக்கலாம், பெரும்பாலும் கவிழாது. ஆனால் கவிழ்ந்தால், குளிர் ஒரே நேரத்தில் இதயத்தை ஓடு என்று விரட்டும், முகம் நனைவதால் மெதுவாக்கு என்றும் சொல்லும். இந்த இரண்டு கட்டளைக்கும் நடுவே பழுதுபட்ட இதயம் தாளம் தவறிப்போகலாம். அவருடைய முகம் வாடித்தான் போனது. ஃப்லோமில் இருந்து குட்வாங்கனுக்கு இரண்டு மணி நேரத்தில் கப்பல் இருக்கிறது, அதே மலை, அதே அருவி, கம்பளியைப் போர்த்திக்கொண்டு மேல்தட்டில் இருந்து பார்க்கலாம் என்று சொன்னதும் கொஞ்சம் தெளிந்தார்.

ஆசிரியர் போகலாம் என்றேன், சில ஏற்பாடுகளோடு. முழுநாளுக்குப் பதில் மூன்று மணி நேரப் பயணம். இரட்டைக் கயாக்கில் முன்னுக்கு அவர், பின்னுக்கு மகள். துடுப்புப் போடுவது உடற்பயிற்சி. அந்த மாத்திரையோடு காலைச் சாப்பாட்டைத் தவறவிட்டால் சர்க்கரை இறங்கிவிடும். நடுக்கம், வியர்வை, பேச்சுக் குழறல் வந்தால் குளிரால் வருகிறது என்று பக்கத்தில் இருப்பவர்கள் நினைத்துவிடுவார்கள், அதுதான் ஆபத்து. ஆகவே வழிகாட்டியிடம் முதலிலேயே சொல்லவேண்டும். எங்கள் ஆட்கள் வருத்தத்தை மறைப்பார்கள், "சொன்னால் ஏற்றமாட்டார்கள்" என்று பயந்து. சொல்லாமல் ஏறினால் அந்தப் பிள்ளைக்கு உங்களைக் காப்பாற்ற வழி தெரியாது. அவருடைய வருத்தம், மருந்து, சர்க்கரை இறங்கினால் என்ன செய்யவேண்டும் என்பதை ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தேன். காலில் மரத்துப்போன தன்மை இருப்பதால் வெறுங்காலோடு கல்லில் இறங்கவேண்டாம் என்றும், நோர்வேயில் வைத்திய அவசரத்துக்கு 113, கடலில் என்றால் 120 என்றும் அதிலேயே எழுதினேன்.

முந்தநாள் இரவு வட்ஸ்அப்பில் அழைத்தார். மறுநாள் காலை கயாக் ஓட்டப் புறப்படுகிறார்களாம். பின்னால் பேரப்பிள்ளையின் சத்தம். "டொக்டர், ஒரு சின்னச் சந்தேகம். குளுக்கோஸை ஜக்கெற்றின் பைக்குள்ளே வைக்கச் சொன்னீங்கள். நனையாமல் இருக்கப் பொலித்தீன் பையிலே போட்டு நல்லா முடிச்சுப் போட்டு வைச்சிருக்கிறன். சரிதானே?"

"முடிச்சை அவிழுங்கோ, ஐயா" என்றேன். "அந்த நேரம் உங்கடை விரல் முடிச்சை அவிழ்க்காது. பல்லாலே கடித்துக் கிழிக்கக்கூடிய பைக்கற்றாக வாங்கி வையுங்கோ. ஒன்று உங்களிட்டை, ஒன்று மகளிட்டை."